பூக்காத விஸ்டீரியாவும் தேயிலைக்காரர் யோசனையும்

கோத்தகிரி, குன்னூர் பக்கம் பழைய வீடுகளில் குடியிருப்பவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "விஸ்டீரியா வெச்சிருக்கோம். கூரை வரைக்கும் ஏறிடுச்சு. பச்சைப்பசேல்னு இருக்கு, ஒரு பூவைக் காணோம். என்ன உரம் போடலாம்?" கேள்வியின் கடைசி வரியைக் கேட்டாலே எனக்குப் பதற்றமாக இருக்கும். பூக்காத விஸ்டீரியாவுக்குப் பெரும்பாலும் உரமே தேவைப்படாது. தேவைக்கு மேல் தின்றுவிட்டு இலையாகப் போட்டுத் தள்ளிக்கொண்டிருக்கும் கொடி அது. அதற்கு இன்னும் ஒரு கூடை சாணம் கொட்டினால் இன்னும் ஒரு கூடை இலை வரும், அவ்வளவுதான்.

இந்தக் கொடியைப் பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். சீனாவிலும் ஜப்பானிலும் இயல்பாக வளர்வது. அவரை, பட்டாணி குடும்பம்தான். பூவும் பட்டாணிப் பூ வடிவத்தில், இளம் ஊதா நிறத்தில், சரம் சரமாகத் தொங்கும். சீன வகையில் சரம் ஏறக்குறைய ஓர் அடி நீளம் வரை வரும். இலை விடுவதற்கு முன்பே வெறும் தண்டில் பூத்துவிடுவதால், அந்த இரண்டு மூன்று வாரங்களுக்குக் கொடி முழுக்க ஊதாவாகத்தான் தெரியும். 1816-இல் சீனாவின் காண்டன் துறைமுகத்திலிருந்து கப்பலில் இங்கிலாந்துக்குப் போய்ச் சேர்ந்தது. கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன், கோத்தகிரி பக்கம் நம் கன்னேரிமுக்கில் பங்களா கட்டியது 1819. அதாவது நீலகிரியில் வெள்ளைக்காரர்கள் தோட்டம் போட ஆரம்பித்த நேரத்தில் அவர்கள் ஊரிலேயே இது புத்தம் புதுச் செடி.

எங்கள் வீட்டு முன்வாசலில் இருக்கும் கொடி நாங்கள் நட்டதில்லை. வீட்டை வாங்கும்போதே அது இரும்புக் குழாய்ப் பந்தலை முறுக்கிக்கொண்டு நின்றது. அடித்தண்டு என் முழங்கை கனத்துக்கு மேல் இருக்கும். பக்கத்து வீட்டுப் பெரியம்மா முதல் நாளே சொல்லிவிட்டார்: "நான் கல்யாணம் ஆகி வந்த நாள்ல இருந்து பாக்கறேம்மா, அது இலைக்கொடிதான். பூக்கற ஜாதி இல்ல." பழைய வீட்டுக்காரர்கள் மாடு வைத்திருந்தவர்கள். தொழுவத்துச் சாணம் வருஷா வருஷம் அந்தக் கொடியின் காலடிக்குத்தான் போயிருக்கிறது. கொடிமேல் அவ்வளவு பிரியம் அவர்களுக்கு.

எனக்கு விஷயத்தைப் பிடித்துக் கொடுத்தவர் எங்கள் தோட்டத்துக்கு வாரம் ஒரு முறை வரும் அண்ணன். வாழ்நாள் பூராவும் தேயிலையில் வேலை பார்த்தவர். அவர் கொடியைச் சுற்றி வந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "டீச்சர், இதைத் தேயிலை மாதிரி வளர்த்து வெச்சிருக்காங்க. தேயிலையில பூ வந்தா மேஸ்திரி திட்டுவாரு. கொழுந்துதான் காசு. யூரியாவைப் போட்டு, கவாத்து அடிச்சு, பூக்கவே விடாமப் பாத்துக்குவோம். கைவிட்ட தோட்டத்துல பாருங்க, தேயிலை எப்படிப் பூத்துக் கிடக்கும்னு."

அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. பராமரிப்பு நின்றுபோன தேயிலைக் காட்டுக்குள் போனால் வெள்ளை இதழும் நடுவில் மஞ்சள் மகரந்தமுமாகச் செடி நிறையப் பூ இருக்கும். கவாத்தும் (கிளைகளை வெட்டிவிடுவது) தழைச்சத்தும் (நைட்ரஜன்) இருக்கும்வரை அந்தச் செடி இலைக்கே உழைக்கும். நம் மலையில் எல்லோருக்கும் கை பழகியது இந்த இலை விவசாயம். கேரட், உருளை ஒரு பக்கம் இருக்கட்டும், மலைச்சரிவில் பாதி தேயிலைதானே. அதனால் பூக்கொடி ஒன்று வீட்டுக்கு வந்தாலும் தன்னையறியாமல் அதையும் இலைக்காகவே வளர்த்துவிடுகிறோம். கூலிக்கு வரும் ஆட்கள் கவாத்துக் கத்தியோடு வந்து தேயிலை மட்டம் வெட்டுவதைப் போலக் கொடியையும் ஒரே மட்டமாக வெட்டிவிட்டுப் போவதைப் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். விஸ்டீரியாவில் பூ எடுக்கும் குட்டைக் கிளைகள் அத்தனையும் அந்த ஒரு வெட்டில் போய்விடும். போன வேகத்தில் கொடி இன்னும் ஆக்ரோஷமாக இலை தள்ளும்.

ஆகவே முதல் வேலை, தீனியை நிறுத்துவது. அவரைக் குடும்பத்துச் செடி என்பதால் விஸ்டீரியாவின் வேர் முடிச்சுகளில் இருக்கும் நுண்ணுயிர்கள் காற்றிலிருக்கும் நைட்ரஜனை அதற்குச் சேர்த்துக் கொடுக்கின்றன. அதற்கு மேல் சாணம், கோழி எரு, யூரியா எல்லாம் பூவுக்கு எதிரி. இங்கே நம் ஊருக்கே உரிய ஒரு சிக்கலும் உண்டு. வீட்டுக்கு மேலே தேயிலைச் சரிவு இருந்தால், அங்கே போடும் யூரியா மழையில் கரைந்து வீட்டுத் தோட்டத்துக்கு இறங்கும். எங்கள் வீடும் அப்படித்தான். நீங்கள் ஒரு பிடி உரம் போடாவிட்டாலும் மேலே இருக்கிற தோட்டம் போட்டுக்கொண்டே இருக்கும். கொடிக்கு மேல்பக்கம் ஒரு முழ ஆழத்துக்கு வாய்க்கால் எடுத்து, மழைத்தண்ணீர் கொடியின் காலைத் தொடாமல் பக்கவாட்டில் ஓடிப்போக வழி செய்தோம். செலவில்லாத வேலை. ஆனால் மற்ற எதையும்விட இதுதான் உதவியது என்று நினைக்கிறேன்.

நிறுத்தியதோடு கொஞ்சம் கொடுக்கவும் வேண்டியிருந்தது. நீலகிரி மண் புளிப்பு மண். மண்ணில் இருக்கும் இரும்பும் அலுமினியமும் மணிச்சத்தை (பாஸ்பரஸ்) பிடித்து வைத்துக்கொள்ளும், வேருக்கு எளிதில் கிடைக்காது. பூவுக்கும் வேருக்கும் அது வேண்டும். அதனால் எலும்புத்தூள் போட்டேன். புளிப்பு மண்ணில் அது மெல்லக் கரைந்து நின்று பலன் தரும். சாம்பல் சத்துக்கு (பொட்டாஷ்), குளிர்காலத்தில் கணப்பு மூட்டுகிற வீட்டில் விறகுச் சாம்பலுக்கா பஞ்சம். இரண்டு கை சாம்பலைத் தண்டிலிருந்து தள்ளித் தூவி, மண்ணோடு கிளறிவிட்டால் போதும். கரிச் சாம்பல் கூடாது, விறகுச் சாம்பல் மட்டும். சாம்பல் இல்லாதவர்கள் கடையில் சல்பேட் பொட்டாஷ் கேட்டு வாங்கலாம்.

அடுத்தது, கொடி எந்த ஜாதி, எப்படிப் பிறந்தது என்று தெரிந்துகொள்வது. இதைத் தெரிந்துகொள்ளாமல் காத்திருப்பதில் பொருள் இல்லை. சீன வகையும் ஜப்பானிய வகையும் எதிரெதிர்த் திசையில் முறுக்கிக்கொண்டு ஏறும். வீட்டில் கொடி பீன்ஸ் போட்டிருப்பவர்களுக்கு ஒரு சுலப வழி சொல்கிறேன்: பீன்ஸ் கொடி குச்சியைச் சுற்றும் அதே திசையில் சுற்றினால் சீன வகை, மறு திசையில் சுற்றினால் ஜப்பானிய வகை. இலையையும் எண்ணிப் பார்க்கலாம். ஒரு காம்பில் ஏழிலிருந்து பதின்மூன்று சிற்றிலை வரை இருந்தால் சீனம். பத்தொன்பது வரை போனால் ஜப்பான். எங்களுடையது சீனம். ஜப்பானிய வகை இலையோடு சேர்ந்து பூக்கும். சரம் இன்னும் நீளம், ஆனால் மேலிருந்து கீழாகக் கொஞ்சம் கொஞ்சமாக விரியும்.

எப்படிப் பிறந்தது என்பது அதைவிட முக்கியம். விதையிலிருந்து வந்த விஸ்டீரியா பூக்கப் பத்து, பதினைந்து ஆண்டுகள் ஆகும், சிலது இருபது ஆண்டுகூட எடுத்துக்கொள்ளும். ஒட்டுச்செடியோ, பூக்கும் கொடியின் தண்டை மண்ணில் புதைத்து வேர்விட வைத்த பதியமோ மூன்று நான்கு ஆண்டில் பூக்கத் தொடங்கிவிடும். அடித்தண்டில், தரையை ஒட்டி, ஒட்டுப் போட்ட இடத்தில் ஒரு புடைப்பும் பட்டையின் நிறத்தில் லேசான வித்தியாசமும் தெரியும். எங்கள் கொடியில் பாசியைச் சுரண்டிப் பார்த்தபோது அது இருந்தது. அன்றைக்குத்தான் எனக்கு நம்பிக்கை வந்தது. ஆனால் அந்தப் புடைப்புக்குக் கீழிருந்து இரண்டு தடித்த தண்டுகள் கிளம்பி, பந்தலில் பாதி இடத்தைப் பிடித்திருந்தன. அவை, ஒட்டுப் போடுவதற்காக வேரோடு அடியில் வைத்த கீழ்ச்செடியின் தண்டுகள். வளரும், இடத்தை அடைக்கும், சத்தை எல்லாம் இழுத்துக்கொள்ளும். இரண்டையும் அடியோடு அறுத்து எடுத்தோம். பந்தல் பாதி காலியாகிவிட்டது. பெரியம்மா வந்து பார்த்துவிட்டு வருத்தப்பட்டார். இலைக்கொடி என்றாலும் நிழலாவது தந்துகொண்டிருந்ததே என்று.

நர்சரியில் ஒட்டுச்செடி என்று சொல்லிக் கொடுப்பதை அப்படியே நம்ப வேண்டாம் என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். எங்கள் உறவுப் பெண் ஒருத்திக்கு அப்படிச் சொல்லி விதைச்செடியைக் கொடுத்துவிட்டார்கள். வாங்கும்போதே பையிலிருக்கும் மண்ணை விலக்கி, புடைப்பு இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். முடிந்தால் பூவோடு இருக்கும் செடியையே வாங்குவது உத்தமம்.

வெயில் விஷயத்தை நீட்டி முழக்க ஒன்றும் இல்லை. நாளுக்கு ஆறு மணி நேரம் நேர் வெயில் வேண்டும், அதற்குக் குறைந்தால் மொட்டு கட்டாது. எங்கள் பந்தலுக்குக் கிழக்கே தோட்டத்து எல்லையில், தேயிலைக்கு நிழலுக்காக வளர்க்கும் சில்வர் ஓக் மர வரிசை நின்றது. மலைப் பகுதியில் நம் நிலத்து மரம் என்றாலும் இஷ்டத்துக்கு வெட்ட முடியாது. 1955-ஆம் ஆண்டு மரப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, அனுமதி வாங்க வேண்டும். அது நல்ல சட்டம், அது இல்லையென்றால் நம் மலை இன்னும் மொட்டையாகியிருக்கும். நல்லவேளையாக, மழைக்கு முன்னால் தோட்டக்காரர்கள் நிழல் மரங்களின் கிளையைக் கழிப்பது வழக்கம். அந்த முறை வரும்போது எங்கள் பக்கத்துக் கிளைகளையும் கொஞ்சம் கழிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டோம். காலை வெயில் பந்தலுக்கு வந்து சேர்ந்தது.

இனி கவாத்து. எழுத வேண்டும் என்று நான் உட்கார்ந்ததே இதற்காகத்தான்.

விஸ்டீரியா வளர்ப்பு பற்றிக் கிடைக்கும் குறிப்புகள் எல்லாம் இங்கிலாந்தையோ அமெரிக்காவையோ மனதில் வைத்து எழுதியவை. ஆண்டுக்கு இரண்டு கவாத்து என்பார்கள்: ஜூலை, ஆகஸ்டில் ஒன்று, ஜனவரி, பிப்ரவரியில் ஒன்று. அந்த மாதங்களை அப்படியே நம் மலைக்குக் கொண்டுவந்தால் பாதி சரிவரும், பாதி சரிவராது. இங்கிலாந்தில் விஸ்டீரியா பூப்பது மே மாதத்தில். ஜூலை என்பது பூ முடிந்து இரண்டு மாதம். எங்கள் பக்கம் மார்ச், ஏப்ரலில் பூ. ஆக, அந்தக் கணக்கு இங்கே ஜூனில் வந்து நிற்கும். மாதத்தின் பெயரை விட்டுவிட்டு "பூ முடிந்து இரண்டு மாதம்" என்று வைத்துக்கொண்டால் ஊட்டிக்கும் கோத்தகிரிக்கும் கொடைக்கானலுக்கும் தனித்தனியாகச் சரியாக வரும்.

ஏன் இந்த நேரம் இவ்வளவு முக்கியம்? அடுத்த ஆண்டுப் பூவின் மொட்டு, இந்த ஆண்டுத் தளிரின் அடிப்பகுதியில், தண்டோடு ஒட்டிய முதல் சில கணுக்களில்தான் உருவாகிறது. அது உருவாகும் நேரத்தில் தளிர் நீண்டுகொண்டே போனால் சத்து முழுக்க நுனிக்குப் போய்விடும். அடிக் கணுக்கள் இலை மொட்டாகவே நின்றுவிடும். தக்க நேரத்தில் நுனியை வெட்டினால் அடிக் கணுக்களுக்கு வெயிலும் சத்தும் கிடைத்து, பூ மொட்டாக மாறும். தேயிலை அண்ணனுக்கு இதை விளக்கவே தேவையிருக்கவில்லை. "கொழுந்து கிள்ளினா பக்கக் கொழுந்து வரும். நீங்க பக்கக் கொழுந்தையும் கிள்ளச் சொல்றீங்க, அவ்வளவுதானே" என்றார். அவ்வளவேதான்.

இன்னும் பூத்தே பழகாத கொடிக்குப் பூ முடிந்த தேதியை எங்கே தேடுவது? தளிரைத் தொட்டுப் பார்க்க வேண்டும். கோடை மழையில் ஏப்ரல், மே மாதங்களில் கை நீளத்துக்கு, ஆள் நீளத்துக்கு என்று தளிர்கள் நீட்டிக்கொண்டு வரும். அவற்றின் அடிப்பகுதி பச்சை மாறிப் பழுப்பேறி, வளைத்தால் கொஞ்சம் விறைப்பாக நிற்கும் நேரம் வரும். அதுதான் நேரம். கிளை வெட்டும் செக்கேட்டரை எடுத்து, ஒவ்வொரு தளிரையும் அடியிலிருந்து ஐந்தாறு இலை விட்டு வெட்டவும். பந்தலில் புதிதாக இடம் நிரப்ப வேண்டியிருந்தால் அதற்கான தளிரை மட்டும் விட்டுவிட்டு, அதை நிமிர்ந்து போகவிடாமல் படுக்கைவாட்டில் வளைத்துக் கட்டவும். நிமிர்ந்த தண்டு நுனிக்கே ஓடும். படுத்த தண்டுதான் கணுவுக்குக் கணு குட்டைக் கிளை எடுக்கும், அந்தக் குட்டைக் கிளைகளில்தான் பூ.

இத்தோடு முடிவதில்லை என்பதுதான் நம் மலையின் விசேஷம். இங்கிலாந்தில் ஒரு முறை வெட்டினால் கோடை முடிந்து குளிர் வந்துவிடும், கொடி அடங்கிவிடும். இங்கே ஜூனில் வெட்டினால் தென்மேற்குப் பருவக்காற்றின் சாரலில் மறுபடி தளிர்க்கும். அதைக் கிள்ளினால் மறுபடி வரும். அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழை. குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் பெருமழை அப்போதுதான், கொடைக்கானலுக்கும் அப்படித்தான். அப்போது இன்னொரு சுற்று. ஆகவே ஜூன் வெட்டுக்குப் பிறகு, வரும் பக்கத் தளிர்களை எல்லாம் ஓரிரு இலை விட்டுக் கிள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். தேயிலைப் பறிப்புச் சுற்று வருவதைப் போல நானும் சுற்று வைத்துக்கொண்டேன். காலை காபிக்கு வெளியே வரும்போது கையில் கத்தரிக்கோல் இருக்கும். மழைக்காலத்தில் சோம்பல் வந்து ஒரு மாதம் விட்டால் போதும், கொடி கூரைத் தகரத்துக்கு அடியில் நுழைந்திருக்கும்.

மழை நின்றபின் டிசம்பரிலிருந்து தண்ணீரைக் குறைத்துவிட வேண்டும். நம் குளிர்காலம் இந்தக் கொடிக்கு மென்மையானது. ஈரமும் இருந்தால் இலையை உதிர்க்காமல் பாதித் தூக்கத்தில் நிற்கும். மண் காய்ந்தால், பனியோடு சேர்ந்து, மஞ்சளாகி உதிர்த்துவிடும். ஜனவரி கடைசியில் கொடி மொட்டைத் தண்டாக நிற்கும்போது இரண்டாம் கவாத்து: ஜூனில் ஐந்தாறு இலை விட்டு வெட்டிய அந்தக் கிளைகளை இன்னும் குறைத்து, இரண்டு மூன்று கணு மட்டும் விட்டு வெட்ட வேண்டும். மூன்று விரற்கடை நீளம் இருக்கும். தாய்த்தண்டைத் தொடக்கூடாது.

இந்த இரண்டாம் வெட்டுக்கு முன்னால் மொட்டை அடையாளம் காணப் பழகிக்கொள்ளுங்கள். இலை மொட்டு மெலிந்து, கூர்மையாக, நெல்மணியைத் தண்டில் ஒட்டவைத்ததைப் போலத் தண்டோடு படிந்திருக்கும். பூ மொட்டு அதைவிட இரு மடங்கு பருத்து, தண்டைவிட்டு விலகிப் புடைத்துக்கொண்டு நிற்கும். கரும்பழுப்புச் செதில், தடவினால் லேசான மென்மயிர். பிப்ரவரியில் அது நீள ஆரம்பித்ததும் சந்தேகமே வராது. அண்ணனும் நானும் முதல் முறை அப்படிப் பார்த்தபோது, பந்தலின் தென்கிழக்கு மூலையில், காலை வெயில் விழும் பக்கம் மட்டும் சில கணுக்கள் பருத்திருந்தன. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி போட்டுப் பார்த்தார். "டீச்சர், இது தேயிலை இல்ல" என்றார். அந்த மூலையை அன்று நாங்கள் வெட்டவே இல்லை.

மொட்டு பருக்கத் தொடங்கியதிலிருந்து தண்ணீர் தவறக்கூடாது. பிப்ரவரி, மார்ச் நம் பக்கம் வறட்சிக் காலம், மண் காய்ந்துவிட்டால் கட்டிய மொட்டும் உதிர்ந்துவிடும். வாரம் இரு முறை, காலடி நன்றாக நனைய ஊற்றினேன். கொண்டைக்குருவிகளுக்கு இந்த மொட்டு மேல் கொஞ்சம் ஆசை உண்டு. பந்தல் குழாயில் பழைய சி.டி. தகடுகளைக் கட்டித் தொங்கவிட்டோம்.

அந்த மார்ச்சில் அந்த மூலையில் மட்டும் பூத்தது. சில சரங்கள்தான். ஆனால் ஊதா நிறம், மேலிதழின் அடியில் வெளிறிய மஞ்சள் பொட்டு, அருகில் போனால் இளம் இனிப்பு வாசனை. பெரியம்மா தன் பேத்தியின் கையைப் பிடித்து அழைத்துவந்து காட்டினார். "பூக்கற ஜாதிதான் போல" என்று தானே சொல்லிக்கொண்டார். அடுத்த ஆண்டு பாதிப் பந்தல். அதற்கடுத்த ஆண்டிலிருந்து முழுப் பந்தலும். இப்போது மார்ச் வந்தால் தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போகிறார்கள். எனக்கு அதில் இருக்கும் மகிழ்ச்சியை மறைக்க விருப்பமில்லை.

வேர் வெட்டுவது பற்றிப் பலர் கேட்கிறார்கள். உண்டு, பழைய வழக்கம்தான். எல்லாம் செய்தும் அசையாத கொடிக்கு, தண்டிலிருந்து மூன்று அடி தள்ளி, மண்வெட்டியை ஒன்றரை அடி ஆழத்துக்குச் செங்குத்தாக இறக்கிச் சுற்றில் பாதியை மட்டும் வெட்டுவார்கள். வேர் குறைந்ததும் இலை வேகம் குறையும், கொடி பூவுக்குத் திரும்பும். எங்கள் தெருக்கோடி வீட்டில் இதைச் செய்து அடுத்த ஆண்டே பூத்தது. ஆனாலும் நான் இதைக் கடைசியில்தான் வைப்பேன். தீனியை நிறுத்தி, வெயில் கொடுத்து, இரண்டு ஆண்டு ஒழுங்காகக் கவாத்து செய்து பார்க்காமல் வேரில் கை வைக்காதீர்கள். முழுச் சுற்றையும் ஒரே ஆண்டில் வெட்டவே கூடாது. விதைச்செடியாக இருந்தால் வெட்டியும் பலனில்லாமல் போகலாம், அதற்கு வயது வர வேண்டும்.

ஊட்டிக்காரர்களுக்கு வேறு ஒரு தொல்லை. என் தோழி ஒருத்தி தலைக்குந்தா பக்கம் இருக்கிறாள். அவள் கொடியில் மொட்டு கட்டும், பருக்கும், பிப்ரவரியில் ஒரே இரவில் கருகிவிடும். உறைபனிதான். நவம்பரில் நீர்ப்பனியாகத் தொடங்கி, பிறகு புல்வெளியெல்லாம் வெள்ளையாகும் வரை போகும் இடம் அது. பள்ளத்தில் குளிர்காற்று தேங்கும் இடங்களில் எப்போதும் அதிகம். தூங்கும் மொட்டுக்குப் பனி ஒன்றும் செய்யாது. விழித்துப் பருத்த மொட்டைத்தான் கொல்லும். அவளுக்கு நான் சொன்னது: மொட்டை சீக்கிரம் விழிக்க வைக்கும் எதையும் செய்யாதே, ஜனவரியில் தண்ணீர் ஊற்றாதே, பருக்க ஆரம்பித்த பிறகு பனி விழும் அறிகுறி தெரிந்த இரவுகளில் பந்தல்மேல் சாக்கோ பச்சை வலையோ போர்த்து. தெளிந்த வானம், காற்றே இல்லாத மாலை, இதுதான் அறிகுறி என்று அங்கே குழந்தைகளுக்கும் தெரியும். புதிதாக நடுகிறவர்கள் பள்ளத்தை விட்டு, மேட்டில், வீட்டின் தெற்கு அல்லது மேற்குச் சுவரோரம் நடுவது நல்லது. பகல் வெயிலை வாங்கி வைத்திருக்கும் சுவர் இரவில் கொஞ்சம் காப்பாற்றும். கிழக்குச் சுவரில் இன்னொரு ஆபத்து, உறைந்த மொட்டில் காலை வெயில் சட்டென்று விழுந்தால் சேதம் கூடும்.

பந்தல் விஷயத்தில் கஞ்சத்தனம் கூடாது. மூங்கில், சவுக்குக் கழியெல்லாம் இந்தக் கொடிக்குச் சில ஆண்டுதான். அமெரிக்காவில் கலிபோர்னியாவின் சியரா மாட்ரே என்ற ஊரில் 1894-இல் நட்ட ஒரு சீன விஸ்டீரியா, தான் படர்ந்த வீட்டையே தன் பாரத்தால் சிதைத்துவிட்டது. கொடி இன்றும் இருக்கிறது, அந்த வீடு இல்லை. இரும்புக் குழாயைக் கான்கிரீட்டில் ஊன்றிவிடுங்கள். கூரை ஓட்டுக்கும், மழைநீர்க் குழாய்க்கும், கரண்டுக் கம்பிக்கும் பக்கத்தில் போகவிடாதீர்கள். தண்டைக் கட்டும்போது கம்பியால் இறுக்காமல் சணலால் தளர்வாகக் கட்டி, ஆண்டுக்கு ஒரு முறை அவிழ்த்துக் கட்டுங்கள்.

பூ முடிந்ததும் வெல்வெட் தோல் போர்த்திய அவரைக்காய் தொங்கும். பார்க்க அழகு, தின்றால் விஷம். காயும் விதையும் வயிற்றைக் கலக்கி வாந்தி எடுக்க வைக்கும். குழந்தைகள் அவரைக்காய் என்று நினைத்து வாயில் வைத்துவிடுவார்கள். நாங்கள் சரம் வாடியவுடனே காம்போடு நறுக்கிவிடுகிறோம். விதைக்கு வீணாகும் சத்தும் மிச்சம்.

குன்னூருக்குக் கீழே, பர்லியார் பக்கம் கொஞ்சம் சூடான இடங்களில் இருப்பவர்கள் விஸ்டீரியாவுக்கு மெனக்கெட வேண்டாம் என்பது என் எண்ணம். அது குளிர்காலம் கேட்கும் கொடி. நம் மேற்குத் தொடர்ச்சி மலைக்கே சொந்தமான மைசூர் துன்பெர்ஜியா இருக்கிறது. மஞ்சளும் அரக்குச் சிவப்புமாக நீளச் சரம், தேன்சிட்டு நாள் முழுக்க வந்து தொங்கும். அதைக் கெஞ்சவே வேண்டியதில்லை.

மேலே குளிரில் இருப்பவர்கள், பூக்கும் கொடி வைத்திருக்கும் யாரிடமாவது பதியம் கேட்டு வாங்குங்கள், விதை கேட்காதீர்கள். பதியம் போடுவது சுலபம். கோடை மழை தொடங்கியதும், தரைக்கு எட்டும் ஓராண்டுத் தண்டு ஒன்றை வளைத்து, மண்ணில் படும் இடத்தில் அடிப்பக்கம் பட்டையை ஒரு விரல் நீளத்துக்குச் சீவி, மண்ணுக்குள் புதைத்து, மேலே ஒரு கல்லை வைத்துவிடுங்கள். நுனி வெளியே நிமிர்ந்து நிற்கட்டும். இரண்டு மழைக்காலத்திலும் ஈரம் தானாகக் கிடைக்கும். அடுத்த ஜனவரியில் கொடி தூங்கும்போது தாயிடமிருந்து அறுத்து, வேரோடு பெயர்த்து நடலாம். எங்கள் கொடியில் இந்த ஆண்டு போட்ட பதியங்களில் ஒன்று பெரியம்மாவின் பேத்திக்கு. வாசலில் தெற்குப் பக்கம் குழி எடுத்து, சாணம் போடாமல், எலும்புத்தூள் மட்டும் கலந்து வைத்திருக்கிறார்கள்.